கார் பெயிண்டில் சுழல் கீறல்: ஆர்பிட்டல் பாலிஷரைக் கையாளும் முறை

கறுப்பு அல்லது அடர்நீல நிறக் காரை வெயிலில் நிறுத்திப் பார்த்தால், பானட்டில் சூரியன் பிரதிபலிக்கும் புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். இவையே சுழல் கீறல்கள். பெயர் இவ்வாறு அமைந்தாலும் இக்கீறல்கள் வட்டமானவை அல்ல. குறுக்கும் நெடுக்குமாக ஒழுங்கின்றிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான நுண்கீறல்களில், ஒளிப்புள்ளிக்குக் குறுக்காக விழுந்தவை மட்டும் ஒளியைப் பார்ப்பவர் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவதால், அவை சேர்ந்து வட்டங்களாகத் தோற்றம் தருகின்றன. பல ஆண்டுகள் நார் போட்டுத் தேய்த்த எவர்சில்வர் தட்டை ஒரு பல்பின் கீழ் பிடித்தாலும் இதே காட்சியைக் காணலாம். தட்டைச் சாய்க்கச் சாய்க்க வட்டங்களும் ஒளியோடு நகரும். வெள்ளைக் காரிலும் இக்கீறல்கள் அதே அளவில் உண்டு என்றாலும் கண்ணுக்குப் படுவதில்லை.

கீறல் எங்கே விழுந்திருக்கிறது என்பதை அறிய, பெயிண்டின் அடுக்குகளை அறிந்துகொள்ள வேண்டும். தொழிற்சாலையில் காரின் தகட்டின் மேல் முதலில் துருத்தடுப்புப் பூச்சும், அதன்மேல் பிரைமரும், அதன்மேல் நிறத்தைத் தரும் பேஸ்கோட்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற கிளியர்கோட்டும் ஏற்றப்படுகின்றன. இந்த நான்கும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் கனமே வரும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒரு தலைமுடியின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான்). அதில் கிளியர்கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான் வரைதான். சுழல் கீறல்கள் அந்தக் கிளியர்கோட்டின் மேற்பரப்பில் ஓரிரு மைக்ரான் ஆழத்துக்கே இறங்கியிருக்கும். அவற்றை நீக்குவது என்பது கீறலை நிரப்புவது அன்று. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர்கோட்டைச் சீராகத் தேய்த்துக் குறைப்பதே ஆகும். எனவே ஒவ்வொரு பாலிஷும், மீண்டும் நிரப்ப முடியாத ஒரு சேமிப்பிலிருந்து எடுக்கும் செலவாகிறது. சூரியனின் புறஊதாக் கதிரைத் தாங்கும் வேதிப்பொருளும் இந்த அடுக்கில்தான் கலந்திருப்பதால், அளவுக்கு மீறித் தேய்த்த கார்களில் கூரையும் பானட்டும் சில ஆண்டுகளில் வெளுத்து, பாம்பு சட்டை உரிப்பதுபோல் கிளியர்கோட் உரிந்துவருவதைச் சாலையில் காணலாம்.

திண்டுக்கல் சமவெளியில் இக்கீறல்கள் விரைவில் சேர்வதற்கு மண்ணும் காற்றும் பழக்கமும் காரணங்கள். இங்கு மிகுதியாகக் காணப்படுவது செம்மண். அதன் நுண்மணலில் உள்ள குவார்ட்ஸ் எனும் படிகக்கல், தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7 என்ற இடத்தில் இருப்பது; கண்ணாடியையே கீறும் இக்கல்லுக்குக் கிளியர்கோட் ஒரு பொருட்டன்று. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குக் காற்று பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் வலுவாக வீசி, உழுது கிடக்கும் காடுகளின் புழுதியை வாரிக்கொண்டு வருகிறது. கல் உடைக்கும் கிரஷர்களை ஒட்டிய சாலைகளில் செல்லும் வண்டிகளில் இதனினும் கூர்மையான கல்தூசி படிகிறது.

ஆனால் தூசி படிவதால் மட்டும் கீறல் விழுவதில்லை. படிந்த தூசியை உலர்ந்த துணியால் இழுப்பதாலேயே விழுகிறது. காலையில் வண்டி எடுக்கும் முன் டிக்கியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து உதறி, பானட்டில் ஆரம்பித்துப் பின்கண்ணாடி வரை ஒரு சுற்றுத் துடைத்துவிடுவது இப்பகுதியில் ஏறத்தாழ ஒரு நித்திய கடமையாகவே நடக்கிறது. அந்தத் துணி முதல் சில அடிகளிலேயே போதுமான மணலைத் தன் இழைகளில் ஏற்றிக்கொண்டு, மீதித் தூரம் முழுவதும் உப்புத்தாளாக வேலை செய்கிறது. பூஜை வழக்கமும் இதில் சிறு பங்கு வகிக்கிறது. புதிய வண்டியைப் பழனி அடிவாரத்துக்குக் கொண்டுசென்று பூஜை போடுவதும், ஆயுத பூஜையன்று பானட்டில் சந்தனமும் திருநீறும் இடுவதும் தவறல்ல. காய்ந்து இறுகிய சந்தனத்தை மறுநாள் நகத்தாலும் வறண்ட துணியாலும் சுரண்டி எடுப்பதுதான் தவறு. ஈரத்துணியைப் பத்து நிமிடம் அதன்மேல் போட்டுவைத்தால் சந்தனம் ஊறித் தானே வழிந்துவிடும்.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சமவெளியின் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கால்சியம், மக்னீசிய உப்புகள் மிகுந்த கடினநீராக இருக்கிறது. வெந்நீர் அண்டாவின் உட்புறத்தில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு, வெயிலில் கழுவிய காரின் மேல் துளித்துளியாகக் காய்ந்து வட்டக் கறையாக நிற்கிறது. புதிய கறை, வெள்ளை வினிகரைச் சமபங்கு நீரில் கலந்து நனைத்த துணியை ஓரிரு நிமிடம் வைத்தெடுத்து, உடனே நல்ல நீரால் கழுவினால் போய்விடும். பல மாதம் வெயிலில் வெந்த கறை கிளியர்கோட்டையே அரித்துக் குழியாக்கியிருக்கும். அதற்குப் பாலிஷ்தான் வழி. வீட்டு ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரைச் சிக்கனம் கருதிக் காருக்குப் பயன்படுத்துவோர் உண்டு. அதில் உப்பு இன்னும் செறிந்திருப்பதால் அது கூடாது. மழைநீரும், ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரும் உப்பு ஏறக்குறைய இல்லாதவை ஆதலால், கடைசியாக அலசுவதற்கு அவற்றைச் சேர்த்துவைப்பது நன்று.

முன்னேற்பாடு

பாலிஷ் வேலையின் தரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பாலிஷருக்கு முன் நடக்கும் கழுவல் ஆகும். முதலில் தொடாமலேயே நீரைப் பீய்ச்சி மணலை இறக்கிவிட்டு, பின்னர் ஒரு வாளியில் கார் ஷாம்பூக் கரைசலும் மற்றொரு வாளியில் வெறும் நீரும் வைத்துக்கொண்டு, மைக்ரோஃபைபர் கையுறையை ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வெறும் நீரில் அலசிய பிறகே ஷாம்பூவில் முக்க வேண்டும். தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் இரண்டாவது வாளியை விட்டுவிடும் எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் அந்த வாளியின் அடியில் கடைசியில் தங்கும் செம்மண் படிவைப் பார்த்தவர் அதை மறுமுறை விடமாட்டார்.

கழுவிக் காய்ந்த பரப்பின் மேல் கையில் ஒரு மெல்லிய பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு தடவினால், வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். பெயிண்டில் பதிந்துபோன பிரேக் இரும்புத்தூள், தார், மரப்பிசின் ஆகியவையே அந்தச் சொரசொரப்பு. அவற்றை டீடெய்லிங் கிளே எனப்படும் பிசைகளிமண்ணால், வழுக்கும் நீர்மம் தெளித்து, அழுத்தாமல் முன்னும் பின்னும் தேய்த்து எடுக்க வேண்டும். கிளே ஒருமுறை தரையில் விழுந்துவிட்டால், விலை கருதாமல் அதை எறிந்துவிட வேண்டும். செம்மண் தரையில் விழுந்த கிளேயால் தேய்ப்பது மணலால் தேய்ப்பதற்குச் சமம்.

அடுத்து எதைத் தொடக்கூடாது என்று முடிவுசெய்ய வேண்டும். நகத்தை மெல்லக் குறுக்கே இழுக்கும்போது தடுக்குமளவு ஆழமான கீறல் பாலிஷால் முழுவதும் போகாது; அதைப் போக்க முயன்றால் கிளியர்கோட்தான் போகும். கனமானி எனும் சிறுகருவி தகட்டின் மேல் உள்ள மொத்தப் பூச்சின் கனத்தை மைக்ரானில் காட்டும், ஆனால் பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கனமானி வேலை செய்யாது. 80 மைக்ரானுக்குக் கீழ் காட்டும் இடம் ஏற்கெனவே தேய்ந்த இடம் என்று கொண்டு ஒதுங்குவது நல்லது. 200-க்கு மேல் காட்டினால் அந்தப் பகுதி டிங்கர் பட்டறையில் பட்டி போட்டு மறுபூச்சுப் பூசப்பட்டது என்று அறியலாம். கனம் மிகுதி என்பதால் அங்கே தாராளமாகத் தேய்க்கலாம் என்று எண்ணுவது பிழை, ஏனெனில் கனம் பட்டியிலும் பிரைமரிலும் இருக்கலாம். மேலே அடித்த கிளியர் மெல்லியதாக இருக்கக்கூடும். பழைய அம்பாசிடர், மாருதி 800 போன்றவற்றில் கிளியர்கோட் இல்லாத ஒற்றைப் பூச்சு இருப்பதுண்டு. அத்தகைய காரில், பாலிஷரில் பொருத்தித் தேய்க்கும் பேடில் காரின் நிறமே ஒட்டிவரும், அது கோளாறன்று. மற்றக் கார்களில் பேடில் நிறம் ஒட்டினால் அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

பொறியும் அதன் போக்கும்

பட்டறைகளில் வெகுகாலமாகப் பயன்பாட்டில் உள்ளது ரோட்டரி எனும் நேர்சுழற்சிப் பொறி. பாத்திரங்களுக்கு மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தைப்போல் அது ஒரே அச்சில், அழுத்தினாலும் நிற்காமல் சுழலும். அதனால் வேகமாக வெட்டும். ஆனால் ஓர் இடத்தில் சில வினாடி தங்கினாலே சூடேறிப் பெயிண்ட் கருகும், தேர்ந்த கையில் அல்லாவிடில் தானே புதிய சுழல் தடங்களையும் விட்டுச்செல்லும். ஆர்பிட்டல் பாலிஷரிலோ பேட் தன்னைத் தானே சுற்றிக்கொண்டே ஒரு சிறு வட்டப்பாதையிலும் ஊசலாடுகிறது. பூமி தன்னையும் சுற்றிச் சூரியனையும் சுற்றுவதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். இந்த இரட்டை இயக்கத்தால் பேடின் எந்தப் புள்ளியும் ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் படுவதில்லை. சூடும் ஓரிடத்தில் குவிவதில்லை. மேலும் அதன் சுழற்சி விசையால் திணிக்கப்பட்டது அன்று ஆதலால், மிகுதியாக அழுத்தினால் சுழற்சி நின்று வெறும் அதிர்வு மட்டுமே மிஞ்சும். தொடக்கநிலையாளருக்கு இப்பலவீனமே பாதுகாப்பு.

ஊசலின் அகலம் 8, 15, 21 மில்லிமீட்டர் எனப் பல அளவுகளில் வருகிறது. கதவின் வளைவுகளும் சிறிய பரப்புகளும் மிகுந்த இந்தியச் சிறுகார்களுக்கு 15 மி.மீ. ஊசலும், பேட் ஒட்டும் 5 அங்குலத் தாங்குதட்டும் உள்ள பொறி போதுமானது, 21 மி.மீ. பொறி பெரிய தட்டைப் பரப்புகளில் மட்டுமே தன் வேகத்தைக் காட்டும். வாங்கியவுடன் தாங்குதட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவைக்க வேண்டும். வேலையின்போது அந்தக் கோடு மெல்லச் சுற்றிவருவது கண்ணுக்குத் தெரிந்தால் அழுத்தம் சரி. கோடு ஓரிடத்தில் நின்று நடுங்கினால் அழுத்தம் மிகை.

நிழலும் நேரமும்

பாலிஷ் செய்யும் தகடு கையால் தொடும்போது குளிர்ந்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் நின்ற கறுப்பு பானட்டில் கையை வைக்கவே முடியாது. அதன்மேல் இட்ட பாலிஷ் வேலை செய்யும் முன்பே காய்ந்து, மாவாகப் பறந்து, துடைக்கும்போது புதுக்கீறல்களை உண்டாக்கும். கூரையுள்ள இடத்தில் அதிகாலையில் தொடங்குவது நல்லது. ஆடிக்காற்றில் திறந்தவெளியில் இவ்வேலையைத் தொடவே கூடாது. காற்று அடங்கி, வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் முன் வரும் புரட்டாசியும், மழை ஓய்ந்த தை, மாசியும் இவ்வட்டாரத்துக்கு ஏற்ற காலங்கள்.

வேலை தொடங்கும் முன் ரப்பர் பட்டைகள், சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக், எழுத்துச் சின்னங்கள் ஆகியவற்றின் மேல் மாஸ்க்கிங் டேப் ஒட்ட வேண்டும், இல்லையேல் அவற்றில் ஏறும் வெள்ளைக் கறை எளிதில் போகாது. கதவு, பானட் ஆகியவற்றின் கூர்விளிம்புகளிலும் மேடான வரிகளிலும் பெயிண்ட் மெல்லியதாகவே இருக்கும் என்பதால் அவையும் டேப்புக்குள் அடங்க வேண்டும். மின்கம்பி தோளின் மேல் கிடக்க வேண்டும். தரை உலர்ந்திருக்க வேண்டும்.

சோதனைக் கட்டம்

எந்தப் பேடும் எந்த பாலிஷும் குறிப்பிட்ட காருக்குப் பொருந்தும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஏனெனில் கிளியர்கோட்டின் கடினம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. ஆகையால் பானட்டில் ஒன்றரை அடிச் சதுரத்தை டேப்பால் வளைத்து, அங்கே இருப்பவற்றுள் மிக மென்மையான சேர்க்கையிலிருந்து தொடங்க வேண்டும். மென்பஞ்சுப் பேடும் நுண்பாலிஷும் போதவில்லை என்றால் மட்டுமே அடுத்த படிக்கு, அதாவது கெட்டிப் பஞ்சுக்கோ மைக்ரோஃபைபர் பேடுக்கோ, பருமனான காம்பவுண்டுக்கோ ஏற வேண்டும். காம்பவுண்ட் என்பது அலுமினியம் ஆக்சைடு போன்ற நுண்துகள்கள் கலந்த தேய்ப்புக் குழம்பு. பாலிஷ் என்பதும் அதே வகைதான், துகள் மட்டும் இன்னும் நுண்ணியது.

புதிய பேடில் பட்டாணி அளவில் நான்கைந்து சொட்டு இட்டு விரலால் பரப்பிக்கொண்டு, பொறியை முடுக்காமலே பேடைப் பரப்பின் மேல் நான்கைந்து இடங்களில் ஒற்றி எடுத்தால் பாலிஷ் சிதறாது. பிறகு முதல் வேகத்தில் பரப்பிவிட்டு, வேகக்குமிழை நான்கு அல்லது ஐந்துக்கு ஏற்ற வேண்டும். பொறி வினாடிக்கு நான்கைந்து சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. ஒரு வரிசை மேல் அடுத்த வரிசை பாதி ஏறுமாறு இடமிருந்து வலமாக ஒருமுறையும், மேலிருந்து கீழாக ஒருமுறையும், மீண்டும் இவ்வாறே ஒரு சுற்றும் ஓட்டினால் அந்தச் சதுரத்துக்கு நான்கைந்து நிமிடம் ஆகும். தொடக்கத்தில் வெண்ணிறமாக இருக்கும் பாலிஷ், துகள்கள் வேலை செய்யச் செய்ய மெலிந்து, எண்ணெய் தடவியதுபோல் கண்ணாடிப் படலமாக மாறும். பேட் தட்டையாகப் படிந்திருக்கும்வரை பொறியின் ஓசை ஒரே சுருதியில் இருக்கும். ஓசை திடீரென ஏறினால் பேட் ஒருபக்கம் சாய்ந்துவிட்டது என்று பொருள். கடைசிச் சுற்றில் கையின் பாரத்தைக் குறைத்துப் பொறியின் எடை மட்டும் படும்படி விட வேண்டும்.

துடைத்தெடுத்த பின் தெரியும் பளபளப்பை நம்பிவிடக் கூடாது. பாலிஷில் உள்ள எண்ணெய் கீறல்களை நிரப்பி மறைத்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஒன்றுக்கு ஐந்து பங்கு நீரில் கலந்து தெளித்துத் துடைத்தால் எண்ணெய் நீங்கி உண்மை நிலை தெரியும். அதன்பின் கைபேசியின் டார்ச்சை ஒரு முழ தூரத்தில் சாய்த்துப் பிடித்து, டேப்பின் இருபுறத்தையும் ஒப்பிட வேண்டும். ஒருபுறம் சிலந்தி வலையும் மறுபுறம் வலையற்ற ஒளிப்புள்ளியும் தெரிந்தால் சேர்க்கை சரியானது. வலை போய்ப் புகைபோன்ற மங்கல் மிஞ்சினால் அது பேட் விட்ட நுண்தடம். மென்பேடும் நுண்பாலிஷும் கொண்டு இன்னொரு சுற்று ஓட்டினால் தீரும். தனித்தனியாகச் சுருள்சுருளாகப் புதுத் தடங்கள் தெரிந்தால் பேடுக்கு அடியில் மணல் சிக்கியிருக்கிறது. பேடை மாற்றாமல் தொடரக் கூடாது.

தொண்ணூறு விழுக்காடு கீறல் போனதும் நிறுத்துவதே அறிவுடைமை. மீதியுள்ள ஆழ்கீறல்களைத் துரத்துவதில் போகும் கிளியர்கோட், முதல் தொண்ணூறுக்குப் போனதைவிடக் கூடுதலாக இருக்கும்.

கிடைத்த சேர்க்கையைக் கொண்டு கூரையிலிருந்து தொடங்கிக் கட்டம் கட்டமாக முழுக்காரையும் முடிக்கலாம். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பேடை நைலான் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும், நனைந்து தொளதொளத்த பேடை ஒதுக்க வேண்டும். ஒரு காருக்கு ஐந்தாறு பேடாவது தேவைப்படும். பிளாஸ்டிக் பம்பர் சூட்டைக் கடத்தாமல் தன்னிலேயே தேக்கிக்கொள்வதால் அங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒரு ஹேட்ச்பேக் காரை இம்முறையில் முடிக்க முழுநாள் ஆகும். இரண்டு மணி நேரத்தில் கீறலெல்லாம் போய்விடும் என்று சொல்லப்படும் இடங்களில் நடப்பது பெரும்பாலும் எண்ணெயால் நிரப்பும் வேலைதான். சில வாட்டர் வாஷுக்குப் பின் வலை பழையபடி எழுந்துவிடும்.

காப்புப் பூச்சு

மெருகேறிய பரப்பின் மேல் ஏதேனும் ஒரு காப்பு வேண்டும். பிரேசில் நாட்டுப் பனை இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு அழகான ஒளி தரும், ஆனால் இவ்வூர் வெயிலில் சில வாரங்களே தாங்கும். செயற்கைச் சீலன்ட் சில மாதங்கள் நிற்கும். சிலிக்கா அடிப்படையிலான செராமிக் கோட்டிங் அதற்கும் மேல் நிற்கும். செராமிக் விளம்பரங்களில் பெரிதாக வரும் ‘9எச்’ என்ற குறியைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையில், கடினமான பென்சிலும் கீறவில்லை என்பதைக் குறிப்பது. மோஸ் அளவுகோலின் 9 அன்று. பென்சில் கீறாத பரப்பைச் செம்மண்ணின் குவார்ட்ஸ் தடையின்றிக் கீறும். ஆகவே செராமிக் பூசிய காரையும் உலர்துணியால் துடைக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது.

ஒரு முறை பாலிஷுக்கு ஒன்று முதல் மூன்று மைக்ரான் வரை கிளியர்கோட் செலவாகிறது. காரின் ஆயுளில் முழுமையான பாலிஷ் மூன்று, நான்கு முறைக்கு மேல் கூடாது என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. தினமும் காலையில் மஞ்சள் துணியால் துடைக்கப்படும் காருக்கு இந்தக் கணக்கு சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். வாரம் முழுவதும் தூசியோடு நின்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீர் விட்டுக் கழுவப்படும் காருக்கு இரண்டாம் பாலிஷே தேவைப்படாமலும் போகலாம்.